இலையுதிர் காலப் புயலும் அதைத் தொடரும் வெள்ளமும்: முழுமையான வழிகாட்டி

புயல் வருகிறது என்றதும் எல்லோரும் காற்றின் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். நூறு கிலோமீட்டரா, நூற்றிருபதா என்று பேச்சு போகிறது. ஜன்னலை அடைத்து, தொட்டிச் செடிகளை உள்ளே எடுத்து வைத்து, காற்று அடங்கியதும் அப்பாடா என்று படுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் வாசற்படியில் தண்ணீர் நிற்கிறது. காற்றுக்கு ஒரு நேரம் என்றால் தண்ணீருக்கு வேறொரு நேரம். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக, புயல் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து வரும் என்று கண்டுபிடித்து, அந்தக் கணக்கின்படி தயாராவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

இந்தப் பருவத்தில் ஏன் இவ்வளவு மோசம்

வடகோளத்தில் கடல்நீரின் சூடு உச்சத்தைத் தொடுவது ஆகஸ்ட், செப்டம்பரில். துருவப் பக்கம் அதற்குள் குளிர் இறங்கத் தொடங்கிவிடும். ஒருபுறம் ஈரம் சுமந்த வெதுவெதுப்பான காற்று, மறுபுறம் குளிர்காற்று. இரண்டுக்கும் இடையே வெப்ப வேறுபாடு கூடக்கூட, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் வலுப்பெறுகிறது. அதன் அடியில் காற்றழுத்தத் தாழ்வுகள் பிறந்து வேகமாக ஆழமாகின்றன. 24 மணி நேரத்தில் அழுத்தம் 24 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சரிவதைத்தான் செய்திகளில் வெடிகுண்டுச் சூறாவளி என்கிறார்கள். சில சமயம் வெப்பமண்டலச் சூறாவளியே வடக்கே நகர்ந்து உருமாறி வரும். 2017 அக்டோபர் 16 அன்று அயர்லாந்தைத் தாக்கிய ஒஃபீலியா அப்படி வந்ததுதான்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதனால்தான் இலையுதிர் காலப் புயல் தை மாதக் குளிரில் வரும் புயலைவிட அதிக மழையைச் சுமந்து வருகிறது.

மரங்களை மறந்துவிடக் கூடாது. 1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை தெற்கு இங்கிலாந்தைப் புரட்டிய பெரும்புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள். மரங்களில் அப்போது இலை உதிர்ந்திருக்கவில்லை, முன்பே பெய்த மழையில் மண்ணும் ஊறிக் கிடந்தது. இலையோடு நிற்கும் மரம் காற்றுக்குப் பாய்மரம். இதே வேகக் காற்று ஜனவரியில் அடித்திருந்தால் மொட்டைக் கிளைகளுக்கிடையே நிறைய காற்று நுழைந்து போயிருக்கும்.

படி 1: உங்களுக்கு வரப்போவது எந்தத் தண்ணீர்?

ஒரே புயல் மூன்று விதமாகத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. உங்களுக்கு எது என்று தெரியாமல் செய்கிற ஏற்பாடெல்லாம் பாதி ஏற்பாடுதான்.

முதலாவது கடல். காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. கூடவே, காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 963-க்கு இறங்கினால், வழக்கமான 1013-உடன் ஒப்பிட, அழுத்தத்தால் மட்டுமே அரை மீட்டர் ஏற்றம். காற்று தள்ளுவது இதற்கு மேல். இந்தத் தண்ணீர் காற்றோடு சேர்ந்தே வருகிறது, ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், உச்சத்தில் இருக்கும் வேளையில்தான் கரையைத் தாண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது. ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் வானிலை அறிக்கையோடு ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தெருத்தண்ணீர். மழை பெய்யும்போதே, வடிகால் கொள்ளாமல், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். ஆறும் கடலும் பக்கத்தில் இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மூன்றாவது ஆறு. மேட்டு நிலத்தில் பெய்தது ஓடைகளில் சேர்ந்து கீழே வந்து சேர, சிற்றாறு என்றால் சில மணி நேரம், பெரிய ஆறு என்றால் ஒன்றிரண்டு நாள், அதற்கு மேலும் ஆகலாம். உங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் ஆறு ஏறும். மூன்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான், ஏனென்றால் எல்லோரும் காவலைத் தளர்த்திய பிறகு இது வருகிறது.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியில் இது கண்கூடாகத் தெரிந்தது. தெற்கிலிருந்து அடித்த சிராக்கோ காற்று ஏட்ரியாட்டிக் கடலை வடக்கே தள்ளி, வெனிஸில் தண்ணீரை 194 சென்டிமீட்டருக்கு ஏற்றியது. இன்றுவரை அங்கே பதிவான உச்சம் அதுதான். அதே நாள், அதே புயல் மழையில், ஃபுளோரன்ஸில் ஆர்னோ ஆறு கரை கடந்து நகரத்தின் நூலகங்களுக்குள்ளும் தேவாலயங்களுக்குள்ளும் புகுந்தது. ஒரே புயல்தான், ஆனால் ஓர் ஊருக்குக் கடல்வழியாகவும் இன்னோர் ஊருக்கு ஆற்றுவழியாகவும் வந்தது.

வெள்ள வரைபடம் பெரும்பாலான நாடுகளில் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். முகவரியைக் கொடுத்து, மூன்று தண்ணீருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு ஒரு மழை நாளில் வெளியே இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, உங்கள் வாசற்படி தெருவைவிட எத்தனை சாண் உயரம், நிலவறை ஜன்னலின் அடிவிளிம்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இராது. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம், முன்பு தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

தடுப்பணை இருக்கிறதே என்று முழுதாக நம்பிவிட வேண்டாம். லண்டனின் தேம்ஸ் தடுப்பு, 2020 அக்டோபர் 3 முதல் வெனிஸைக் காக்கும் மோசே கதவுகள், நெதர்லாந்தின் மாஸ்லாண்ட் தடுப்பு எல்லாம் அருமையான வேலைப்பாடுகள்; ஆனால் அவை மறிப்பது கடலை. தெருவில் பெய்யும் மழையோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. 2023 அக்டோபரில் பாபெட் புயலின்போது ஸ்காட்லாந்தின் பிரீக்கின் ஊரில், சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டிய ஆற்றங்கரைச் சுவரையும் தாண்டித் தண்ணீர் வீடுகளுக்குள் போனது.

படி 2: முதல் இலை விழும்போதே முடிக்க வேண்டியவை

முதல் வேலை இலை. நனைந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வடிகால் கம்பி வலையின் மேல் தோல்போல ஒட்டிக்கொள்ளும். கீழே குழாய் காலியாக இருக்கும், மேலே தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும். காற்று அடிக்கும் முன்னால் ஒருமுறை அள்ளினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே இரவில் காற்று மறுபடியும் நிரப்பிவிடும். பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை, வீட்டுக் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலி, கீழிறங்கும் குழாய், வாசலுக்கு நேரே இருக்கும் தெரு வடிகால் மூன்றையும் பாருங்கள். பீலியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே வந்து பார்த்தால், எங்கே அடைத்திருக்கிறது என்று உடனே தெரியும்.

நிலவறை உள்ள வீட்டில் சாக்கடைக் குழாய்க்கு ஒருவழி அடைப்பான் இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். தெருச் சாக்கடை நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் கழிவறைக் கோப்பை வழியாகத் திரும்பி வரும். ஏற்கெனவே அடைப்பான் இருந்தால் அது துருப்பிடிக்காமல் அசைகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வீட்டின் மேல் சாயக்கூடிய மரம் இருந்தால், அடிமரத்தில் காளான், ஒரு பக்கம் மேலெழும்பிய வேர்மண், செத்த பெருங்கிளை இவற்றைக் கவனியுங்கள். வெட்டுவதை அதற்கென்று தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். காற்றுச் சேதமும் வெள்ளச் சேதமும் பல இடங்களில் தனித்தனி. அலமாரி, சமையலறை, மின்சாதனம் என ஒவ்வோர் அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து, வீட்டுக்கு வெளியே உள்ள ஓர் இடத்தில் சேமித்து வையுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்குத் தண்ணீர், அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய உணவு, மருந்து, டார்ச், பேட்டரி ரேடியோ, பவர் பேங்க், ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, ஆவண நகல்கள். மெழுகுவர்த்தியை நம்ப வேண்டாம். ஜன்னல் உடைந்து காற்று நுழையும் வீட்டில் அது தீ வைத்துவிடும்.

படி 3: எச்சரிக்கையைப் படிக்கும் விதம்

ஐரோப்பாவில் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் 2015 முதல் புயலுக்குப் பெயரும் வைக்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். எச்சரிக்கை காற்றுக்கா, மழைக்கா, வெள்ளத்துக்கா என்று பாருங்கள். மூன்றும் தனித்தனி அறிவிப்புகளாக, பல நாடுகளில் தனித்தனி அலுவலகங்களிலிருந்து வரும். காற்று எச்சரிக்கை முடியும் நேரம், வெள்ள எச்சரிக்கை முடியும் நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். இடையில் எத்தனை மணி நேரம் என்று பார்த்தாலே புரியும்.

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இருந்தால் (பல செல்போன்களில் உண்டு) மூன்று மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்குகிறதா என்று பாருங்கள். கடலோடிகளுக்கான அறிக்கையில் அதற்கு 'மிக வேகமாக இறங்குகிறது' என்று பொருள். டச்சு வானிலையாளர் பைஸ் பேலட் சொன்ன விதி ஒன்றும் கைகொடுக்கும். வடகோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வின் மையம் உங்கள் இடப்பக்கம். மையம் கடந்து போகும்போது காற்றின் திசை மாறும். தெற்கிலிருந்து பல மணி நேரம் ஆட்டப்பட்டு வேர் தளர்ந்த மரத்தை மேற்கிலிருந்து வரும் ஒரே வீச்சு சாய்த்துவிடலாம். நடுவே சற்று ஓய்ந்தது என்று வெளியே போவது ஆபத்து.

படி 4: கடைசி ஒரு நாள்

வெளியே பறக்கக்கூடியதையெல்லாம் உள்ளே எடுங்கள். காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 60-லிருந்து 120 ஆனால் விசை நான்கு மடங்கு. நேற்று அசையாத நாற்காலி இன்று ஜன்னலுக்குள் வரும். காரை மரத்தடியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் எடுத்து மேட்டில் நிறுத்துங்கள். ஃபோனைச் சார்ஜ் செய்யுங்கள். கீழ்த்தளத்தில் உள்ள விலைமதிப்பானவற்றை மாடிக்கு ஏற்றுங்கள். தரைவிரிப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தாலும் போதும்.

மணல் மூட்டையைப் பெரும்பாலோர் தப்பாகத்தான் அடுக்குகிறார்கள். பை முட்டமுட்ட நிரம்பியிருந்தால் கல்போல உருண்டு நிற்கும், இடைவெளி வழியே தண்ணீர் புகும். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்புங்கள். வாயைக் கட்டாமல் அடியில் மடித்து, மடிப்பு தண்ணீர் வரும் திசையைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் காலால் மிதித்துத் தட்டையாக்கி, அடுத்த வரிசையைச் செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மேல் இணைப்பு வராமல் வையுங்கள். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் கசிவு வெகுவாகக் குறையும். ஒரு மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழ்த்தளக் கழிவறைக் கோப்பைக்குள் இறக்கி வையுங்கள், குளியலறைத் தரைக்குழியின் மேலும் ஒன்று. இதனால் தண்ணீர் நின்றுவிடாது. வருவது தாமதமாகும், அந்த நேரம்தான் உங்களுக்கு வேண்டியது.

வெளியே தண்ணீர் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் தடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் கூடினால் செங்கல் சுவரே பிளந்துவிடக்கூடும். அந்த அளவில் தண்ணீரை உள்ளே விடுவது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் நனைந்த வீட்டைக் காயவைத்துவிடலாம்.

முதியவர், மூச்சுக்கருவியில் இருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் எங்கே போவார்கள், யார் கூட்டிப்போவார்கள் என்பதை இன்றே பேசி முடியுங்கள். இருட்டில், காற்றில், மின்சாரமில்லாத லிஃப்ட் முன்னால் நின்று முடிவெடுக்கிற காரியமில்லை இது.

படி 5: காற்று அடிக்கும்போது

உள்ளே இருங்கள். ஜன்னலுக்கும் மரத்துக்கும் எதிர்ப்பக்க அறையில் படுங்கள். ஒஃபீலியாவில் அயர்லாந்தில் இறந்த மூவரில் இருவர் மேல் மரம் விழுந்தது, காரில் போகும்போது. மூன்றாமவர் விழுந்த மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தவர். மரம் வழியை மறித்துக் கிடந்தால் விடியும்வரை கிடக்கட்டும்.

கடற்கரைக்கு அலை பார்க்கப் போகாதீர்கள்.

அறுந்த மின்கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டு 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கம்பி கார்மேல் விழுந்தால் உள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். கார் தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களை ஒட்டியபடியே நகர்த்தி விலகுங்கள்.

படி 6: தண்ணீர் வந்துவிட்டால்

தண்ணீர் தரையைத் தொடும் முன் மெயின் சுவிட்சையும் எரிவாயுவையும் அணைத்துவிடுங்கள். சுவிட்ச் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். நிலவறைக்குச் சாமான் எடுக்க இறங்காதீர்கள். வெளியே தண்ணீர் நின்றால் கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். வழி அடைபட்டுவிட்டால் மாடிக்குப் போங்கள். வெளியேற வழியில்லாத மூடிய பரணுக்குள் போய்விடாதீர்கள்.

ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாறவைக்கும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போகும். அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும், சாக்கடை மூடி எழும்பிப் போயிருந்தாலும் கலங்கல் தண்ணீரில் தெரியாது. முன்னால் போன கார் கடந்தது என்பதற்காக நீங்களும் இறங்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

படி 7: காற்று நின்ற பிறகு

மின்சாரம் வந்து, வானம் வெளுத்து, எல்லோரும் கிளை பொறுக்கும் இந்த நேரத்தில்தான் படி 3-இல் ஒட்டிய தாளை மறுபடி பார்க்க வேண்டும். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறதா? பல நாடுகளில் ஆற்று நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தில் காட்டுகிறார்கள். உங்கள் ஊர் அளவுகோலைவிட மேல்நோக்கி உள்ள அளவுகோலைப் பாருங்கள். அங்கே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்கு உச்சம் வரும். அங்கே இன்னும் ஏறுகிறது என்றால் மூட்டையை எடுக்காதீர்கள், மாடிக்கு ஏற்றியதை இறக்காதீர்கள்.

மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் அதை வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். கரி அடுப்புக்கும் இதே விதி. குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும். வெள்ளம் தொட்ட உணவைத் தூக்கிப்போடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பற்றி அறிவிப்பு வரும்வரை, ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்த தண்ணீரையே குடியுங்கள்.

படி 8: வீட்டைக் காயவைப்பது

உள்ளே நுழையும் முன் சுவரில் விரிசல், தரையில் உப்பல், எரிவாயு வாசனை பாருங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் மெயினைப் போடாதீர்கள். பூட்ஸ், கையுறை, முகக்கவசம் இல்லாமல் சேற்றில் கை வைக்காதீர்கள். வெள்ளத்தண்ணீரில் சாக்கடையும் எலி சிறுநீரும் கலந்திருக்கும். கையில் கீறல் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எதையும் அகற்றும் முன் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து.

நிலவறையில் நிற்கும் தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்துவிட எல்லோருக்கும் ஆசை இருக்கும். வெளியே மண் இன்னும் ஊறியிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் ஓர் அடி இறையுங்கள். நின்ற மட்டத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மண்ணிலிருந்து இன்னும் ஊறுகிறது, காத்திருங்கள். ஏறவில்லை என்றால் மேலும் ஓர் அடி. மொத்தத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பூஞ்சணம் 24 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கிவிடும். நனைந்த விரிப்பு, மெத்தை, ஜிப்சம் பலகை இவற்றைக் காப்பாற்றப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். ஜிப்சம் பலகை திரிபோலத் தண்ணீரை மேலே இழுக்கும், ஆகவே கோட்டுக்கு மேலேயும் ஓர் அடி வெட்டுங்கள். வெளியே ஈரம் குறைவாக இருக்கும் நாளில் ஜன்னலைத் திறங்கள். ஈரம் உறிஞ்சும் கருவி ஓடும்போது மூடுங்கள். திறந்து வைத்தால் அது தெருவையே காயவைக்கப் பார்க்கும். சுவர் தொட்டால் காய்ந்தது மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். ஈரமானி வைத்துப் பார்த்த பிறகே வண்ணம் அடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் அது உரிந்து வரும்.

எப்படியும் சுவரைத் திறந்துவிட்டீர்கள் என்பதால், பிளக் பாயிண்ட்களைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஏற்றிப் போடச் சொல்லுங்கள். கீழ்த்தளத்துக்கு மரத்தரைக்குப் பதில் ஓடு, ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் பூச்சு, சாக்கடைக்கு ஒருவழி அடைப்பான் என்று இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகையில் இவை அடங்குமா என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.